மோட்டாரை ஆஃப் பண்ணிட்டுக் கெளம்புங்க

சிவப்புப் பொத்தானை அழுத்தியதுமே, இருபத்திரண்டு வருடங்களாகச் செய்துவரும் வேலையை எப்படிச் செய்வது என்பது புகார் அக்காவுக்கு மறந்துபோய்விட்டது.

போட்டோ எடுக்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகுமே, அந்த மாதிரி. முதுகை நிமிர்த்தினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பதிவாவது அவள் முகமல்ல, திரையில் நடக்கும் வேலை மட்டும்தான் என்று மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த பெண் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். இருந்தாலும் பதிவு என்றால் பதிவுதானே.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் புகார் முதலில் அக்காவுக்குத்தான் வரும். அதனால் அவள் பெயரே புகார் அக்கா ஆகிவிட்டது. அவளைவிட நான்கு வயது மூத்த மேனேஜர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வேலை என்னவோ சுலபம்தான். மெயிலில் வரும் புகாரைப் படித்து, புகார்ப் பதிவு மென்பொருளில் ஏற்றி, எக்செல் தாளில் சும்மா இருக்கும் மெக்கானிக் யார் என்று பார்த்து, அவர் பெயருக்கு நேரே வேலையைப் போட வேண்டும். பிறகு வாடிக்கையாளருக்கு "வருந்துகிறோம்" என்று ஒரு பதில். சிக்கல் எங்கே என்றால், இந்த மென்பொருள்கள் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டு ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொள்ளாத ஓரகத்திகள். இவள் சொன்னதை அவளிடம், அவள் சொன்னதை இன்னொருத்தியிடம் என்று நாள் முழுக்கத் தூது போவதுதான் அக்காவின் உத்தியோகம்.

அந்தத் தூதை இனிமேல் கம்ப்யூட்டரே போகுமாம். அக்கா ஒருமுறை செய்து காட்டினால் போதும். எங்கே சொடுக்குகிறாள், எதைத் தட்டுகிறாள் என்று எல்லாவற்றையும் அது பதிவு செய்துகொள்ளும். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு புகாருக்கும் அவள் செய்த மாதிரியே அதுவும் செய்யும்.

அலுவலகத்தில் எட்டுப் பேர் இருந்தும் மேனேஜர் நேராக அவள் மேஜைக்குத்தான் வந்தார். "இதுக்கு நீங்கதான் சரி" என்றார். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அக்கா தரையில் நடக்கவில்லை. வீட்டில் அவள் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் வேலையை அது கத்துக்கிட்டா, அப்புறம் உன்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"

அதிலிருந்து அக்காவுக்குள் பெருமையும் பயமும் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

முதல் பதிவு ஒரு வழியாக நடந்து முடிந்தது. நடுவில் அவளுக்கு நினைவிருந்த தடங்கல் ஒன்றே ஒன்றுதான். திரையின் ஓரத்தில் கணவரின் செய்தி எட்டிப் பார்த்தது. வீட்டில் தண்ணீர் மோட்டார் காலையிலிருந்து ஓடுகிறது, தொட்டி நிரம்பிவிட்டதா தெரியவில்லை, தனக்கு வேன் எடுக்க நேரமாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முப்பது வருடம் வேன் ஓட்டிய மனிதருக்கு வீட்டு மோட்டாரை நிறுத்த உத்தரவு வேண்டியிருந்தது. அக்கா சட்டென்று செய்திப் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த முதல் ஆளைச் சொடுக்கி, "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, பூட்டிட்டுக் கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

மறுநாள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அம்பு தானாகவே நகர்ந்தது. மெயில் திறந்தது, புகார் ஏறியது, தாள் விரிந்தது. சொடுக்குவதற்கு முன்னால் அம்பு ஒரு கணம் தயங்கியதைக் கண்டு அக்காவுக்கு மெய்சிலிர்த்தது. அசல் அவள் சாயல். பள்ளி ஆண்டுவிழாவில் மகள் மேடையேறியபோது பார்த்த மாதிரி கன்னத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெருமையோடு டீ குடிக்கப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் தொலைபேசி வந்தது. ஒரு குடியிருப்பின் செயலாளர். ஒரு லிஃப்ட் ஓடவில்லை என்று புகார் கொடுத்ததாகவும், வந்த மெக்கானிக் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு லிஃப்டையும் நிறுத்திப் பூட்டிவிட்டுப் போய்விட்டதாகவும் சொன்னார். அடுத்து, ஒன்பதாவது மாடியில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டர். படியேறி வந்த நோயாளிகள் பல்வலியை மறந்துவிட்டு மூட்டுவலிக்கு மருந்து கேட்கிறார்களாம். மூன்றாவதாக மெக்கானிக் ஒருவர் கூப்பிட்டார்.

"அக்கா, ஆஃப் பண்ணிப் பூட்டிட்டுக் கெளம்பிட்டேன். அடுத்து எங்க போகணும்?"

"யாரு பூட்டச் சொன்னது?"

"நீங்கதானே மெசேஜ் போட்டீங்க. எங்க நாலு பேருக்கும் வந்துருக்கே."

கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டிருந்தது. செய்திப் பெட்டியைத் திற, மேலே இருக்கும் முதல் ஆளுக்கு இந்த வரியை அனுப்பு. முந்தின நாள் முதல் ஆள் அக்காவின் கணவர். இன்றைக்கு, காலையில் அக்கா தன் கையால் வேலை போட்டு அனுப்பி, வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் அப்போதுதான் தகவல் அனுப்பிய மெக்கானிக். லிஃப்டிலும் மோட்டார் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. அந்த உத்தரவில் ஒரு மெக்கானிக் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

நான்கு பேரும் பூட்டிய ஐந்து லிஃப்டுகளைத் திறக்க வைத்துவிட்டு அக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். சின்னக் குழப்பம் என்று ஆரம்பித்தாள். அவர் விடவில்லை. எந்த இடத்தில் சொடுக்கினாள், எந்தச் செய்தி முதலில் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். திட்டவே இல்லை. கடைசியில், "சரி. தொடருங்க அக்கா" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் அவள் பேசுவதை முழுதாகக் கேட்டது அன்றுதான். அதுவே அக்காவுக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த பதிவுக்கு முன்னால் அவள் கணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வீடே மிதந்தாலும் மதியம் வரைக்கும் செய்தி அனுப்பக்கூடாது என்று சொல்லி வைத்தாள். செய்திப் பெட்டியை மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் செய்து முடித்தாள். அன்று தாளில் சும்மா இருந்தவர் மூன்றாவது வரிசையில் இருந்த மெக்கானிக். உடம்பைப் பார்த்து எல்லோரும் குச்சி என்று கூப்பிடும் ஆள். அவர் பெயருக்கு நேரே வேலையைப் போட்டாள்.

கம்ப்யூட்டருக்குச் சும்மா இருப்பவர் யார் என்று தெரியாது. மூன்றாவது வரிசை தெரியும்.

மறுநாள் வந்த பத்தொன்பது புகாரும் குச்சிக்கே போயின. மற்ற பதினோரு மெக்கானிக்குகளும் டீக்கடையில் உட்கார்ந்து கம்பெனியை மூடப் போகிறார்களா என்று விவாதித்தார்கள். அவர்களில் ஒருவர் வேறு வேலைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டார். நான்கு மணிக்குக் குச்சி நேரிலேயே வந்தார். சட்டை முழுக்க கிரீஸ். அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எப்பவாவது நான் உங்களை ஏதாவது தப்பாப் பேசியிருந்தா, மனசுல வச்சுக்காதீங்க."

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன் கையால் ஒரு டீ போட்டுக் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பத்தொம்பதும் ஒருத்தருக்கேவா? ஒண்ணு விடாமலா?"

"ஒண்ணு விடாம சார்."

"தொடருங்க."

குரலில் கோபம் இல்லை. அதனால் அது குத்தல்தான் என்று அக்கா முடிவு செய்தாள். வேலையை விட்டு அனுப்பும்போது காட்ட, காரணம் சேர்க்கிறார். இனி ஒரு பிழைகூட வரக்கூடாது.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இதற்கென்று ஒரு குட்டிப் பதிவு. ஒவ்வொரு வேலையும் போட்டு முடிந்ததும், மூன்றாவது வரிசையை வெட்டி எடுத்து, தாளின் கடைசியில் ஒட்டிவிடும். நான்காவது ஆள் மூன்றாவது இடத்துக்கு வந்துவிடுவார். வேலை எல்லோருக்கும் முறை வைத்துப் போகும். இந்த யோசனை வந்தபோது அக்காவுக்குத் தன்மேல் ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. இந்த மூளையை இத்தனை வருடமாக "வருந்துகிறோம்" என்று தட்டுவதற்கே செலவழித்துவிட்டோமே என்று வருத்தம்கூட வந்தது.

தாளின் கடைசியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அந்த மூளை பார்க்கவில்லை. அங்கே "விடுப்பில் உள்ளவர்கள்" என்று தலைப்பிட்டு, விடுப்பு எடுத்தவர்களின் பட்டியல் இருந்தது. அந்தத் தலைப்புக்குக் கீழே ஒரு பெயர் வந்தால் போதும், வருகைப் பதிவு மென்பொருள் அந்த ஆளுக்கு உடனே விடுப்பு போட்டுத் தகவலும் அனுப்பிவிடும். அவள் நான்காவது ஓரகத்தி. இதுவரை வாய் திறக்காதவள்.

பத்து மெக்கானிக்குகளுக்கு முதலில் "வேலை ஒதுக்கப்பட்டது" என்று ஒரு தகவலும், உடனே "விடுப்பு அனுமதிக்கப்பட்டது" என்று இன்னொரு தகவலும் போயின. பத்துப் பேரும் இரண்டாவதைத்தான் நம்பினார்கள். பதினோராவது புகாரை "விடுப்பில் உள்ளவர்கள்" என்ற பெயருடைய மெக்கானிக்குக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் பன்னிரண்டாவதோடு பட்டியலுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அங்கே முதல் பெயர், கல்யாணத்துக்காக விடுப்பு எடுத்திருந்தவர்.

தொலைபேசியில் வந்த குரல் புதுசாக இருந்தது.

"நான் அவரோட மனைவி பேசறேன். கல்யாணம் ஆகி இன்னைக்கு நாலாவது நாள். இப்பவே வந்து லிஃப்ட்டுக் குழிக்குள்ள இறங்கச் சொல்லி ஆபீஸ்ல இருந்து மெசேஜ்னு இவரு கெளம்பி நிக்கிறாரு. நிஜமாவே நீங்க கூப்பிட்டீங்களா, இல்ல இவருக்கே வீட்டுல இருக்கப் பிடிக்கலையா? ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும்."

அக்கா அந்தப் பெண்ணிடம் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டாள். தவறு தன்னுடையதுதான், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று சத்தியம் செய்யாத குறை. தொலைபேசியை வைத்தபோது பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் கண்கள் பளபளத்தன. இன்னும் இரண்டு வாரத்தில் நான்கு கிளைகளின் மேனேஜர்களையும் வரச் சொல்லப் போகிறாராம். அவர்கள் முன்னால் அக்காதான் இதை ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

நான்கு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வெளியே அனுப்பப் போகிறார் என்று அக்காவுக்குத் தெளிவாகிவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் ஒரு மணி நேரம் முன்னதாகவே அலுவலகம் வந்தாள். ஃபைல் அலமாரிக்குப் பின்னால் காலி இருக்கை ஒன்று உண்டு. அங்கிருந்த கம்ப்யூட்டரில், புதிதாக வந்த புகார்களைப் பழைய வழக்கப்படி தன் கையாலேயே செய்தாள். தன் மேஜையில் மட்டும் பதிவை ஓடவிட்டாள். அதற்கு வேலை வேண்டுமே என்று, ஐந்து வருடத்துக்கு முன்னால் தீர்ந்துபோன புகார்களை ஒரு போலித் தாளில் போட்டுக் கொடுத்தாள். அம்பு பாட்டுக்கு ஓடி, இடித்துத் தள்ளப்பட்ட கட்டடத்துக்கெல்லாம் அந்தத் தாளிலேயே மெக்கானிக் அனுப்பிக்கொண்டிருந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் அக்கா தன் மேஜைக்கு ஓடி வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். போனதும் அலமாரிக்குப் பின்னால் ஓடுவாள். வேலையைக் குறைக்க வந்த மென்பொருளால் அவள் இரண்டு கிலோ இளைத்தாள்.

ஆனால் இரண்டு வாரமும் ஒரு பிழை இல்லை. வேலை கச்சிதமாக நடந்தது. மேனேஜர்தான் நாளுக்கு நாள் வாடிப்போனார்.

"இன்னைக்கும் தப்பு எதுவும் இல்லையா?"

"இல்ல சார்."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல சார்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். கம்ப்யூட்டர் தேறிவிட்டது, இனி இவளை அனுப்பத்தானே வேண்டும் என்று மனிதர் வருந்துகிறார் என்று அக்கா நினைத்தாள். இத்தனை வருடப் பழக்கம், மனசு இருக்காதா? வீட்டில் சொன்னபோது கணவர் கொஞ்சம் யோசித்து, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது, நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்கலாம் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அக்காவுக்கு இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று புரிந்தது.

அந்த நாளும் வந்தது. கூட்ட அறையில் நான்கு கிளை மேனேஜர்கள், அவர்களுக்கு நடுவில் அவளுடைய மேனேஜர், சுவரில் பெரிய திரை. மென்பொருள்காரப் பெண் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கம்ப்யூட்டரில் பதிவுகள் வரிசையாக இருந்தன: பதிவு, பதிவு சரியானது, பதிவு மிகச் சரியானது, பதிவு கடைசி, பதிவு உண்மையிலேயே கடைசி. அவசரத்தில் முதலாவதைச் சொடுக்கிவிட்டாள்.

அந்த முதல் பதிவின்போது பயத்தில் தான் இடையிடையே என்னென்ன செய்தோம் என்பது அவளுக்கே நினைவில் இல்லை. சுவர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தியது.

அம்பு மெயிலைத் திறந்தது. பதில் எழுதும் இடத்தில், "மாடிக்குச் சாமானை ஏத்தி எறக்கி லிஃப்டைக் கெடுக்கறது நீங்க, திட்டு வாங்கறது நானா" என்று தட்டியது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தது. "தங்கள் புகார் கிடைத்தது. வருந்துகிறோம்" என்று தட்டியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடுத்து அம்பு இணையத்துக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் முழங்கால் பயிற்சி என்று தேடியது. பிறகு அசையாமல் நின்றது. நான்கு நிமிடம். அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரம் அது. அது யோசிக்கிறதா என்று ஒரு கிளை மேனேஜர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்.

அம்பு மறுபடி நகர்ந்தது. இணையத்தில், சுவர் அகலத்துக்குப் பெரிய எழுத்தில், ஒரு கேள்வியைத் தட்டியது.

இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவரை நீக்க முடியுமா.

அக்கா எழுந்து வயரைப் பிடுங்கினாள். சுவர் வெள்ளையானது. அவள் திரும்பி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஃபைல் அலமாரியை, போலித் தாளை, இடித்த கட்டடத்துக்குப் போன மெக்கானிக்கை, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்லத் தனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்த்துக் கண்ணிலும் தண்ணீர் வந்தது. மெஷினுக்கு வேலை கற்றுக்கொடுக்கப் போய், மெஷினின் வேலையையும் சேர்த்துச் செய்தவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்றாள்.

"உங்களை அனுப்பப் போறோம்னு யாரு சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார். அவர் நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார். "அப்படி ஒரு பேச்சே இல்லையே அக்கா."

அதற்குள் கிளை மேனேஜர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு பயனுள்ள செயல்விளக்கத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். இன்னொருவர், தங்கள் கிளைக்கும் ஒரு வாரம் அனுப்பி வைக்க முடியுமா என்று மேனேஜரிடம் கெஞ்சினார். முடியாது, அக்கா எங்களுக்கே வேண்டும் என்று மேனேஜர் மார்தட்டினார். பேசிக்கொண்டே எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் வற்றிப்போயிருந்த பெருமை மெல்ல ஊறத் தொடங்கியது. இருபத்திரண்டு வருட அனுபவம் சும்மாவா? முகத்தில் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மென்பொருள்காரப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, இந்த ஆபீஸ்ல எட்டுப் பேர் இருக்கோம். எல்லாரையும் விட்டுட்டு, குறிப்பா என்னை எதுக்கு எடுத்தாங்க?"

அந்தப் பெண் வயரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு வேலையை எத்தனை விதமா சொதப்ப முடியுமோ அத்தனையும் செஞ்சு சோதிச்சுக் காட்ட ஒரு ஆள் குடுங்கன்னு கேட்டோம்க்கா, சார் யோசிக்கக்கூட இல்ல, நேரா உங்க மேஜையைத்தான் காட்டினாரு."